பதினெட்டுச் சக்கரக்காரர் இரண்டு சக்கரம் ஏறிய நாள்

டயர் இரண்டே இரண்டுதான். இருந்தாலும் ஷஃபியுல்லா விடுவதாக இல்லை. பேண்ட்டைக் கணுக்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, வாசலில் நின்ற ஹீரோ ஹோண்டாவை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தார். முன் டயருக்கு ஓர் உதை. பின் டயருக்கு ஓர் உதை. குனிந்து, அடியில் எண்ணெய் ஏதும் சொட்டியிருக்கிறதா என்று தரையைப் பார்த்தார். கைக்குட்டையால் இரண்டு கண்ணாடிகளையும் துடைத்தார். அதற்குப் பிறகும் எதையோ தொலைத்தவர் மாதிரி வண்டியின் பின்பக்கம் போய் நின்று தேடிக்கொண்டிருந்தார்.

“என்னா மச்சான் தேடுறீங்க?” என்றான் சஃப்வான். ஷஃபியுல்லாவின் மனைவி ஹபீபாவுக்குக் கூடப் பிறந்த தம்பி. பெரம்பலூரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவன். இன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு, மச்சானுக்கு வண்டி பழக்கிவிட வந்திருக்கிறான்.

“ஸ்டெப்னி எங்க மாப்ள?”

“இதுக்கெல்லாம் ஸ்டெப்னி கெடையாது மச்சான்.”

“அப்ப வழியில பஞ்சர் ஆச்சின்னா?”

“தள்ளிக்கிட்டு வரணும்.”

“நல்லாருக்கே கதை! வண்டி நம்மள கொண்டு போவணுமா, நாம வண்டிய கொண்டு போவணுமா?” என்று கேட்டுவிட்டு ஷஃபியுல்லா மறுபடியும் பின் டயரை உதைத்துப் பார்த்தார்.

மனிதர் சவூதியில், ரியாத்துக்கும் தம்மாமுக்கும் நடுவே பதினெட்டுச் சக்கர ட்ரெய்லர் ஓட்டுகிறவர். ஒரு நடை சிமெண்ட், ஒரு நடை இரும்புக் குழாய், ஒரு நடை பெட்டி பெட்டியாகத் தக்காளி. மணல் புயல் அடித்தாலும் அந்த மலைப்பாம்பை வளைத்துக் கொண்டுபோய், கோடு தப்பாமல் கிடங்கு வாசலில் ரிவர்ஸில் நிறுத்துவார் என்று கூடப் போன லெப்பைக்குடிக்காட்டு ஆட்கள் ஊருக்கு வந்து சொல்வார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். வந்தாலும் டிரைவர் புத்தி அவரை விட்டுப் போகாது. டவுன் பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின் சீட்டில்தான் உட்காருவார். பிரேக் போட வேண்டிய இடத்திலெல்லாம் இவர் வலது கால் தானாகத் தரையை அமுக்கும். டிரைவர் லேட்டாகப் பிரேக் போட்டால் “ச்சொ” என்று ஒரு சத்தம் வரும். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுகூடத் திரும்பி நின்று, நுனி தெருவைப் பார்க்கிற மாதிரி ரிவர்ஸில்தான் விடுவார். அவசரமென்றால் கிளம்ப வசதி என்பார்.

இத்தனை பெரிய டிரைவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. சின்ன வயதில் வீட்டில் சைக்கிள் இல்லை. மீசை அரும்பும் முன்பே அரியலூருக்குப் போய்ச் சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராக ஏறிவிட்டார். “நடையிலேருந்து நேரா ஆறு சக்கரம் மாப்ள. நடுவுல இந்த ரெண்டு சக்கரத்துக்கு எங்க நேரம் இருந்திச்சி?” என்பார், என்னவோ தவிர்க்க முடியாத வேலையாக இருந்தவர்போல.

அந்த ரெண்டு சக்கரம்தான் இப்போது கழுத்தைப் பிடிக்கிறது. போன லீவில் ஆசையாக இந்த வண்டியை வாங்கிப் போட்டார். ஓட்டுவது சஃப்வான்தான். கல்யாணமோ காதுகுத்தோ, எங்கே போவதென்றாலும் ஹபீபா தம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து ஜம்மென்று போய் இறங்குவாள். வண்டிக்குச் சொந்தக்காரர் சீர் சாமானைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து சேருவார். ஒரு தடவை போனில் ஹபீபா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: “தெருவுல எல்லாப் பொம்பளையும் அவங்கவங்க புருசன் பின்னாடி உக்காந்து போவுறாங்க. எனக்கு மட்டும் கெழவியானாலும் தம்பி முதுவுதான் போல.” சிரிப்பு அங்கேயே கரைந்துவிட்டது. சொன்னது மட்டும் ஷஃபியுல்லாவின் காதைவிட்டுப் போகவில்லை. பாலைவன ரோட்டில் பேச ஆளில்லாமல் போகும்போதெல்லாம் அது வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டது.

நேற்றுச் சாயங்காலம் வாய் சும்மா இருந்திருக்கலாம். ஹபீபாவின் சொந்தத்தில் ஒரு கல்யாணம். இன்றைக்குப் பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்குப் பிறகு அகரம்சீகூர் ரோட்டு மண்டபத்தில் வலிமா விருந்து. கல்யாண வீட்டில் கூடியிருந்த பெண்கள் நடுவே ஹபீபாவின் அக்கா, “நாளைக்கு எப்படி வர்றே? வழக்கம்போல தம்பி வண்டியிலதானே?” என்று கேட்டுத் தொலைத்தார். ஹபீபா பதில் சொல்வதற்குள் முற்றத்தில் நாற்காலியில் இருந்த ஷஃபியுல்லா, “இல்ல, என் பின்னாடி வருவா” என்றுவிட்டார்.

கொல்லென்று ஒரு சிரிப்பு. “ட்ரெய்லர கப்பல்ல ஏத்தி எறக்கிட்டீங்களா தம்பி?” என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள், ஹபீபாவைத் தவிர. அவள் முக்காட்டைச் சரி செய்துகொண்டு, நிஜமாகவா என்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் மாட்டிக்கொண்டவர்தான் விடிந்ததும் மச்சினனைக் கூப்பிட்டு விட்டார். இன்றைக்குக் கற்றுக்கொண்டு இன்றைக்கே அவளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் மண்டபம் முழுக்க மானம் கப்பலேறும். அது போனால் போகட்டும், அந்தப் பார்வைக்கு என்ன பதில் சொல்வது?

ஊரைத் தாண்டி வெள்ளாற்றுப் பக்கம் போகிற மண்பாதையோரம் ஒரு பொட்டல். அதையொட்டிச் சாமிக்கண்ணுவின் பருத்திக்காடு. பருத்தி எடுத்து முடித்து, காய்ந்த செடியை, அந்தப் பருத்திமாரை, பிடுங்கி ஓரமாக ஆளுயரத்துக்குக் குவித்து வைத்திருந்தார். மனிதர் மாட்டை மேயவிட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். வண்டி வந்து நின்றதும், மாட்டைவிட இது சுவாரசியமாக இருக்கும் என்று இந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

சஃப்வான் பாடத்தை ஆரம்பித்தான். “நல்லா கேட்டுக்குங்க மச்சான். வலது கையில ஆக்சிலேட்டரு. இடது கையில கிளட்ச். இடது காலுல கியரு. வலது காலுல பிரேக்கு.”

ஷஃபியுல்லா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! “காலுக்குள்ளத கையில வச்சிருக்கான், கைக்குள்ளத காலுல வச்சிருக்கான். எவன்டா இவன்?” என்றார். பிறகு “பிஸ்மில்லாஹ்” சொல்லி உதைத்தார். வண்டி ஸ்டார்ட் ஆகி, நின்ற இடத்தில் உறுமியது. கியர் விழுந்தது. புறப்பட வேண்டும் என்று வலது காலை ஆசையாக அமுக்கினார். அது பிரேக். வண்டி ஒரு விக்கல் விக்கி அணைந்தது.

“ஆக்சிலேட்டரு கையில மச்சான்.”

“தெரியும்டா. தலைக்குத் தெரியிது. காலுக்குத் தெரியலியே.”

காலுக்குத் தெரிய வைப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. கால் ஒருவழியாக அடங்கினால் கை கிளம்பியது. சவூதி வண்டியில் கியர்க் கம்பி வலது கைப் பக்கம். கொஞ்சம் வேகம் எடுத்ததும் அந்த வலது கை ஹேண்டில்பாரை விட்டுவிட்டு, தொடைக்குப் பக்கத்தில் காற்றில் கியர்க் கம்பியைத் துழாவியது. “கை, கை, கை!” என்று கத்திக்கொண்டே சஃப்வான் பின்னால் ஓடினான். நல்லவேளை, அவன் பின்கம்பியைப் பிடித்திருந்தான். ஜவுளிக்கடையில் உட்கார்ந்த இடத்தில் துணி விரித்துக் காட்டுகிறவனுக்கு ஓட்டம் என்றால் மூச்சு இரைக்கத்தானே செய்யும்? நாக்கு வெளியே வந்துவிட்டது.

இதையெல்லாம்விட முதல் தடவை விழுந்த விதம்தான் அழகு. ஓட்டும்போது விழவில்லை. பொட்டலின் கடைசி வரைக்கும் நேராகப் போய், பதமாகப் பிரேக் போட்டு, சீராக நிறுத்தினார். நிறுத்திவிட்டு, கரையேறியவர்போலப் பெருமூச்சு விட்டு, இரண்டு காலையும் மேலேயே வைத்துக்கொண்டு சஃப்வானைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ட்ரெய்லரை நிறுத்தினால் அது பாட்டுக்கு நிற்கும், அந்தப் பழக்கம். இது நிற்குமா? சிரித்த முகத்தோடு, மெல்ல, மிக மெல்ல, இடது பக்கமாகச் சாய்ந்தார். வண்டியோடு தரையில் படுத்த பிறகும் அந்தச் சிரிப்பு முகத்தைவிட்டு முழுசாகப் போகவில்லை.

வரப்பிலிருந்து சாமிக்கண்ணு எழுந்து வந்து வண்டியைத் தூக்கிவிட்டார். “பாய், நிக்கறப்ப காலு ஊனணும் பாய். இது என்னா நாலு காலு மாடா, தானா நிக்கிறதுக்கு?”

“நீங்க சொல்றது நாயம்தாங்க” என்று மண்ணைத் தட்டிக்கொண்டார் ஷஃபியுல்லா. அதன் பிறகு அவர் ஒரு தடவைகூடக் கால் ஊன மறக்கவில்லை.

அடுத்தது திருப்பம். ட்ரெய்லர்க்காரன் இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் முதலில் வலது பக்கம் அகலமாக ஒதுங்கி, பிறகுதான் வளைப்பான். அப்படிச் செய்யாவிட்டால் பின்னால் வரும் நீளம் மூலையில் ஏறிவிடும். ஷஃபியுல்லாவுக்குப் பின்னால் நீளமும் இல்லை, ஒன்றுமில்லை. இருந்தாலும் பொட்டலின் மூலை வந்ததும் முறைப்படி வலது பக்கம் ஒதுங்கினார். ஒதுங்கியவர் ஒதுங்கிக்கொண்டே போய்ச் சாமிக்கண்ணுவின் பருத்திமார்க் குவியலுக்குள் முன்சக்கரத்தோடு நுழைந்துவிட்டார். மாடு இரண்டும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின. உள்ளேயிருந்து, “பின்னாடி கிளியர் ஆயிடிச்சா மாப்ள?” என்று ஒரு குரல் வந்தது.

“பின்னாடி ஒண்ணுமே இல்ல மச்சான்! நீங்க மட்டும்தான் இருக்கீங்க!” என்று சஃப்வான் தலையில் அடித்துக்கொண்டான். சாமிக்கண்ணுவுக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முழங்கையிலும் கன்னத்திலும் மார் கீறிய கோடுகளோடு வெளியே வந்தவரும் சேர்ந்து சிரித்தார். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்த மனிதர். அதனால்தான் அத்தனை வருஷம் தனியாக ஓட்ட முடிந்ததோ என்னவோ.

இந்த வேடிக்கையெல்லாம் மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டது. ஆயிரம் இருந்தாலும் டிரைவர். ஓட ஆரம்பித்துவிட்டால் அவர் கண்ணுக்கு எல்லாம் தெரியும். குறுக்கே வரப்போகிற கன்றுக்குட்டியைச் சஃப்வான் பார்ப்பதற்கு முன்பே பார்த்து வேகத்தைக் குறைத்தார். ரோட்டில் வலது பக்கமாகவே போகிற சவூதிப் பழக்கத்துக்குப் பாதையின் நடுவே செங்கல் வரிசையாக வைத்து ஒரு வைத்தியம் செய்தார்கள். அதுவும் பிடிபட்டது. பிடிபடாதது ஒன்றே ஒன்றுதான். அதுதான் ஆளைக் கொல்லப் பார்த்தது.

புறப்படுவது.

கியர் போட்டு, கிளட்சை மெல்ல விடுகிற நேரம் பார்த்து வண்டி குதிரை மாதிரி ஒரு துள்ளுத் துள்ளி அணைந்துவிடும். “மெதுவா விடுங்க மச்சான்.” மறுபடி துள்ளும். “மெதுவா, மெதுவா!” மறுபடி. கடைசியில் சஃப்வான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் விஷயம் விளங்கியது. எல்லாம் ஒழுங்காகச் செய்து, கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்து, புறப்படும் அந்தக் கணத்தில் ஷஃபியுல்லாவின் இடது கை கிளட்சை அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கியது. பெட்ரோல் டேங்க்கின் பக்கவாட்டில் ‘டப், டப்’ என்று இரண்டு தட்டுத் தட்டப் போனது. தட்டுவதற்குள் வண்டி துள்ளிவிட்டது.

“எதுக்கு மச்சான் தட்டுறீங்க?”

“தட்டுறனா? நானா?” என்றார் ஷஃபியுல்லா. தன் கையைத் தானே திருப்பிப் பார்த்தார்.

அது அரியலூரில் பிடித்த பழக்கம். லாரி கிளம்பும் முன் கிளீனர் பின்னால் போய்ப் பார்த்து, யாருமில்லை என்றால் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவான். தட்டினால்தான் டிரைவர் நகர வேண்டும். ஷஃபியுல்லா டிரைவரான புதிதில் அவருடைய கிளீனர் தர்மன். ஒரு நாள் சுரங்கத்துக்குள் பின்னால் ஹாரன் மேல் ஹாரன் அடிக்கிறார்களே என்று தட்டு வருவதற்கு முன்பே வண்டியை நகர்த்திவிட்டார். தர்மன் அப்போது இரட்டை டயருக்கு நடுவே மாட்டிய கல்லைக் கம்பியால் நெம்பிக்கொண்டிருந்தான். சுதாரித்துக்கொண்டு வெளியே உருண்டுவிட்டான். டயருக்கு அடியில் அவன் தலைத்துண்டு மட்டும்தான் கிடந்தது. அன்றிலிருந்து இரண்டு தட்டுக் கேட்காமல் ஷஃபியுல்லா எந்த வண்டியையும் ஒரு விரற்கடை நகர்த்தியதில்லை. சவூதியில் கிளீனர் ஏது? ஜன்னலுக்கு வெளியே இடது கையை விட்டு, கதவில் தானே தட்டிக்கொள்வார். ஏர்போர்ட்டுக்குப் போக வீட்டு வாசலில் வேன் ஏறும்போதுகூட, யாரோ ஓட்டுகிற வேனாக இருந்தாலும், இவர் கைதான் வெளியே வந்து தட்டும். ஹபீபா வாசலுக்கு வருவதில்லை. உள்ளே, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாள். டப், டப் என்று கேட்டுவிட்டால் ஆள் போயாகிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். அந்த ராத்திரி முழுக்க அது கேட்டுக்கொண்டே இருக்கும் என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

“தட்டாதீங்க மச்சான், அவ்வளவுதான். பின்னாடி யாரும் இல்ல. நான் சொல்றேன்ல?” என்றான் சஃப்வான். சொல்வது சுலபம். கையை அடக்கி வைத்தார். சில தடவை அடங்கியது, வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. சஃப்வான் கைதட்டினான். அடுத்த தடவை நினைப்பு கொஞ்சம் நகர்ந்தால் போதும், கை தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். தட்டிவிட்டுப் பிறகு கிளட்ச் பிடித்துப் பார்த்தார். கியர் விழுந்ததும் மறுபடி ஒரு தரம் தட்டக் கை பரபரத்தது. சாயங்காலம் பள்ளிவாசலில் அஸ்ர் பாங்கு கேட்கும் வரைக்கும் இதே கூத்து. சாமிக்கண்ணு மாட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பும்போது, “பாய், கைய கட்டிப்போட்டாத்தான் சரிவரும்” என்று யோசனை சொல்லிவிட்டுப் போனார்.

தனியாகப் போனால் துள்ளட்டும், விழுந்தால் மறுபடி எழுந்துகொள்ளலாம். ஆனால் பின்னால் ஹபீபா ஒருபக்கமாகக் காலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வண்டி ஒரு துள்ளுத் துள்ளினால் அவள் தார் ரோட்டில் மல்லாந்து விழுவாள். சஃப்வானுக்குப் பின்னால் உட்கார்ந்து திரும்பி வரும் வழியெல்லாம் ஷஃபியுல்லாவுக்கு இதே நினைப்புதான். அத்தனை டன் இரும்பை ஏற்றியபோது வராத பயம், ஒரு பொம்பளையை ஏற்ற வேண்டும் என்றதும் வந்துவிட்டது.

வீட்டில் சஃப்வான் ஹபீபாவுக்கு முழுக்கதையும் நடித்துக் காட்டினான். ஸ்டெப்னி தேடியது, காற்றில் கியர் போட்டது, சிரித்துக்கொண்டே சாய்ந்தது, பருத்திமாருக்குள்ளிருந்து கிளியரா என்று கேட்டது. ஹபீபா அடுப்படிப் படியில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, விலா நோகச் சிரித்தாள். “அல்லாவே! போதும்டா தம்பி, போதும்டா” என்றாள். தட்டுகிற கதை வந்ததும் சஃப்வான் தன் தொடையில் டப், டப் என்று தட்டிக் காட்டினான். அப்போது அவள் சிரிக்கவில்லை. எழுந்துபோய், கணவரின் கன்னத்துக் கீறலுக்குத் தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஷஃபியுல்லா கண்ணை ஏறெடுத்துப் பார்க்காமல் சொன்னார்: “ஹபீபா, நீ தம்பியோட போயிடு. நான் பஸ்ல வந்துடறேன். அடுத்த லீவுக்குள்ள, இன்ஷா அல்லாஹ்...”

“ஏன், வண்டி ஓடலியா?”

“ஓடுது.”

“நிக்கிதா?”

“நல்லா நிக்கிது. கெளம்பறதுதான்... கை கேக்க மாட்டேங்குது. உன்னைத் தள்ளி விட்டுட்டன்னா?”

ஹபீபா எண்ணெயைத் தடவி முடித்து விரலைத் துடைத்துக்கொண்டாள். “தம்பி வண்டியில ஏறி எறங்குனது போதும்” என்றாள். “நான் உங்களோடதான் வருவேன். கெளம்பலன்னா நடந்து போவலாம். வண்டியத் தள்ளிக்கிட்டு நீங்க வாங்க, பக்கத்துல நான் வர்றேன். புருசன் பொண்டாட்டியா வந்தாங்கன்னுதானே சொல்லுவாங்க?”

சஃப்வான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்கா பார்த்த பார்வையில் தன் சட்டையைத் தேய்க்கப் போய்விட்டான்.

மஃரிபு தொழுதுவிட்டு ஷஃபியுல்லா வந்தபோது ஹபீபா தயாராக நின்றாள். பச்சைப் பட்டுச் சேலை, அதற்கு மேல் வெள்ளைத் துப்பட்டி, நேற்றுப் போட்ட மருதாணி, கை நிறையக் கண்ணாடி வளையல். அவர் வழக்கம்போல வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு டயரையும் உதைத்தார். அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். “ஸ்டெப்னி பாக்கலியா?” என்று மட்டும் கேட்டாள்.

தெருவில் ஓட்ட அவருக்குத் தைரியம் வரவில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் கண். வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார். அவள் பக்கத்தில் நடந்தாள். “என்னா ஹபீபா, வண்டி பெட்ரோல் இல்லாம நின்னுடிச்சா?” என்று ஒரு வீட்டிலிருந்து கேட்டார்கள். “இல்லக்கா, காத்தாட நடக்கிறோம்” என்றாள். ஷஃபியுல்லாவுக்கு வியர்த்துக் கொட்டியது. தெரு முடிந்து, அகரம்சீகூர் ரோடு வந்து சேர்ந்ததும் நிறுத்தினார். ரோடு நீட்டிக் கிடந்தது. தூரத்தில் ஒரு டீக்கடையில் விளக்கு எரிந்தது. அதைத் தவிர ஆள் அரவமில்லை.

அவர் ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் அழுத்தி ஊன்றிக்கொண்டார். அவள் துப்பட்டி நுனியை இழுத்து, சங்கிலியில் மாட்டாமல் மடியில் செருகிக்கொண்டு, பின்னால் ஏறினாள். வண்டி லேசாக ஓர் அமுங்கு அமுங்கியது. வலது கையால் அவர் இடுப்புச் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வெட்டவெளியில் அவள் அப்படிப் பிடித்தது இதுதான் முதல் தடவை.

“பயமா இருக்கா?” என்றார்.

“எனக்கென்னா பயம்? ஓட்டறது நீங்க.”

பிஸ்மில்லாஹ் சொல்லி உதைத்தார். கிளட்சைப் பிடித்தார். கியரைப் போட்டார். கண்ணாடியைப் பார்த்தார், அதில் ரோடு தெரியவில்லை, வெள்ளைத் துப்பட்டிதான் தெரிந்தது. எல்லாம் ஆயிற்று. இனிப் புறப்பட வேண்டியதுதான். இடது கை விரல்கள் கிளட்சுக்கு மேலேயே துடித்தன. வேண்டாம் வேண்டாம் என்று மனசு சொல்லச் சொல்ல, அந்தப் பாழாய்ப்போன கை மெல்ல இளகத் தொடங்கியது.

அப்போது பின்னால் வளையல் அசைந்தது. ஹபீபா கழுத்தைத் திருப்பி, துப்பட்டியை ஒதுக்கிவிட்டு, ரோட்டின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் நன்றாகப் பார்த்தாள். வண்டியில்லை, ஆளில்லை, ஆடு மாடு எதுவுமில்லை. திரும்பி, மருதாணிக் கையை விரித்து, அவர் முதுகில் பலமாகத் தட்டினாள்.

டப், டப்.